சூடானது இன்ஜினா, மீட்டரா?

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து சற்றுப் படுக்கலாம் என்று போனபோது மாப்பிள்ளையின் ஃபோன் வந்தது. சென்னையிலிருந்து ஈ.சி.ஆர். வழியாக வந்துகொண்டிருந்தார்கள். மரக்காணம் உப்பளத்துக்குப் பக்கத்தில் வண்டி நிற்கிறதாம்.

“மாமா, டெம்பரேச்சர் ஊசி உச்சிக்குப் போயிடுச்சு. இன்ஜின் அவ்வளவுதான்னு நினைக்கிறேன். மெக்கானிக்குக்கு ஃபோன் பண்ணினேன். ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், கட்டி இழுத்துத்தான் கொண்டு வரணும்னு சொல்றாரு.”

வண்டி இருபது வருஷப் பழசு. பின் சீட்டில் என் மகளும் பேத்தியும். வெயில் மண்டையைப் பிளக்கிறது. நான் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “மாப்பிள்ளை, ஊசியை விடுங்க. இன்ஜின் சூடா இருக்குதுன்னு வேற யார் சொன்னாங்க?”

அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். மரியாதைக்காக அடக்கிக்கொண்டார். நான் மெக்கானிக் இல்லை. முப்பத்தைந்து வருஷம் ஃபைல் தள்ளியவன். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், காருக்கு ஏன் காய்ச்சல் வருகிறது, அதைக் கண்டுபிடிக்க மனிதன் என்னவெல்லாம் செய்து பார்த்தான் என்ற கதையைக் கொஞ்சம் பார்ப்போம். அது தெரிந்தால் கோளாறைத் தேடுவது பாதி முடிந்த மாதிரி.

பெட்ரோல் எரிந்து வரும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. ஒரு பங்கு புகைக்குழாய் வழியாக வெளியே போய்விடும். மிச்சம் ஒரு பங்கு இன்ஜின் இரும்பிலேயே தங்கும். அதை வெளியேற்றாவிட்டால் பிஸ்டன் விரிந்து சிலிண்டரில் சிக்கிக்கொள்ளும். ஆக, ஓடுகிற எல்லா இன்ஜினும் சூடாகும், சூடாகத்தான் வேண்டும். அந்தச் சூடு வெளியேறுகிறதா என்பதுதான் கேள்வி.

கார்ல் பென்ஸ் 1886-இல் பேட்டன்ட் வாங்கிய மூன்று சக்கர வண்டியில் ரேடியேட்டர் கிடையாது. சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் இருக்கும். அது கொதித்து ஆவியாகப் போகும். போகப் போக ஊற்ற வேண்டும். 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல், இரண்டு பையன்களைக் கூட்டிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைமுக்கு அந்த வண்டியை ஓட்டிப் போனார். நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். உலகத்தின் முதல் நீண்ட கார் பயணம் என்று அதைச் சொல்வார்கள். எரிபொருளை வீஸ்லோக் ஊரில் மருந்துக்கடையில் வாங்கினார். தண்ணீரை வழியில் கிடைத்த இடத்தில் எல்லாம் ஊற்றிக்கொண்டே போனார். அந்த வண்டிக்கு மீட்டர் தேவையே இல்லை. ஆவி கண்ணுக்குத் தெரியும், தண்ணீர் குறைவதும் தெரியும்.

அடுத்த பெரிய மாற்றத்தைச் செய்தவர் வில்ஹெல்ம் மைபாக். நீஸ் நகரத்தில் வசித்த எமில் யெல்லினெக் என்ற வியாபாரி கேட்டதற்காக டைம்லர் கம்பெனி ஒரு வேகமான கார் செய்தது. அதற்கு அவர் மகளின் பெயரான மெர்சிடிஸ் என்பதையே வைத்தார்கள். 1901 மார்ச்சில் நீஸ் பந்தயங்களில் அந்தக் கார் எல்லோரையும் தோற்கடித்தது. அதன் முகப்பில் மைபாக் ஒரு தேன்கூட்டைப் பொருத்தியிருந்தார். 8,000-க்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு சதுரக் குழாய்கள். ஒவ்வொன்றும் 6 மில்லிமீட்டர். குழாய்க்குள் காற்று, வெளியே தண்ணீர், பின்னால் ஒரு விசிறி. முன்பு 18 லிட்டர் தண்ணீர் தேவைப்பட்ட இடத்தில் 9 லிட்டர் போதும் என்றாகிவிட்டது. இன்று நம் கார்களின் மூக்கில் இருப்பது அதன் பேரப்பிள்ளைதான். ஆனால் இதோடு ஒரு புது வியாதியும் வந்தது. அடைப்பு. உள்ளே துரு, உப்புக்கறை. வெளியே பூச்சி, தூசி.

நான் படித்தது பிரெஞ்சு மீடியத்தில் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். ஆகவே ரெனோவைச் சொல்லாமல் விட மாட்டேன். 1914 செப்டம்பரில் ஜெர்மன் படை பாரிஸை நெருங்கியபோது ஜெனரல் கலியெனி சுமார் 600 டாக்சிகளைப் பிடித்து, அவற்றில் சிப்பாய்களை ஏற்றி மார்ன் போர்முனைக்கு அனுப்பினார். பெரும்பாலானவை ரெனோவின் இரண்டு சிலிண்டர் வண்டிகள். முன்பக்கம் சரிந்து இறங்கும் அவற்றின் மூக்கைப் படத்தில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அந்தச் சரிவுக்குக் காரணம், ரேடியேட்டர் முன்னால் இல்லாமல் இன்ஜினுக்குப் பின்னால் உயரத்தில் இருந்ததுதான். தண்ணீரைத் தள்ள பம்ப் இல்லை. சூடான தண்ணீர் லேசாகி மேலே போகும், ஆறிய தண்ணீர் கனத்துக் கீழே இறங்கும். அந்தச் சுழற்சியே போதும் என்று விட்டுவிட்டார்கள். ஃபோர்டின் மாடல் டி காரிலும், ஆரம்பத்தில் செய்த கொஞ்சம் வண்டிகளைத் தவிர, இதே முறைதான்.

இதில் ஒரு சங்கடம். தண்ணீர் மேல் குழாயின் வாய்க்குக் கீழே இறங்கிவிட்டால் சுழற்சி நின்றுவிடும். ரேடியேட்டரில் பாதித் தண்ணீர் இருந்தும் இன்ஜின் வேகும். பம்ப் வந்த பிறகு இந்தச் சங்கடம் குறைந்தது. பதிலாக பம்ப் கசிவும் பெல்ட் அறுவதும் வந்து சேர்ந்தன.

அதன் பிறகு தெர்மோஸ்டாட். காலையில் குளிர்ந்த இன்ஜின் சீக்கிரம் சூடேறுவதற்காக, தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகும் வழியை இது மூடி வைத்திருக்கும். உள்ளே ஒரு சின்னக் குப்பியில் மெழுகு. ஏறக்குறைய 82 முதல் 88 டிகிரி வந்ததும் மெழுகு உருகி விரிந்து கதவைத் திறக்கும். கதவு திறக்காமல் சிக்கிக்கொண்டால் மேல் ஹோஸ் கொதிக்கும், கீழ் ஹோஸ் ஜில்லென்று இருக்கும்.

ரேடியேட்டர் மூடியின் கதை இதைவிடப் பழசு. எங்கள் இயற்பியல் முசியே கரும்பலகையில் ஒரு பானையை வரைந்து, “மர்மித் தெ பாப்பேன்” என்று எழுதினார். தெனி பாப்பேன் என்பவர் செய்த பானை. “முசியே, என்ன பார்ப்பார் அவர்?” என்று பின் பெஞ்சிலிருந்து ஒருவன் தமிழில் கேட்க, வகுப்பே சிரித்தது. முசியேவும் புதுச்சேரிக்காரர்தான், அவரும் சிரித்துவிட்டார்.

பாப்பேன் புளுவா நகரத்துக்காரர். 1679-இல் லண்டனில் இந்தப் பானையைக் காட்டினார். மூடியை இறுக்கி ஆவியை அடைத்தால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காது. எலும்புகூட மெத்தென்று வெந்துவிடும். பானை வெடிக்காமல் இருக்க எடை வைத்த ஒரு வால்வையும் செய்தார். நம் வீட்டு குக்கரின் வெயிட் அதுதான். கார் ரேடியேட்டரின் மூடியும் அதுதான். காற்றழுத்தம் இரட்டிப்பானால் தண்ணீர் சுமார் 120 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் ஸ்பிரிங்கோ ரப்பரோ தளர்ந்துவிட்டால், இன்ஜினில் ஒரு கோளாறும் இல்லாமலே தண்ணீர் பொங்கி வெளியேறும். சூடான இன்ஜினின் மூடியைத் திறக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். விசில் அடங்காத குக்கரை யாராவது திறப்பார்களா?

1961-இல் வந்த ரெனோ 4 இன்னொரு படி மேலே போனது. தண்ணீரைச் சுற்றுக்குள்ளேயே அடைத்து, விரிந்து வரும் நீரைப் பிடிக்க ஒரு தனிக் குப்பி வைத்தார்கள். அடிக்கடி ஊற்ற வேண்டாம். அதற்கு முன்பே சித்ரோயன் கம்பெனி தண்ணீரே வேண்டாம் என்று 1948-இல் காற்றால் குளிரும் தெ-ஷ்வோ காரைக் காட்டிவிட்டது. எங்கள் பள்ளியில் ஒரு ஆசிரியர் அதை வைத்திருந்தார். “இது கொதிக்காது, ஏனென்றால் கொதிக்க இதில் ஒன்றும் இல்லை” என்று பெருமையாகச் சொல்வார்.

இது வரை சொன்னது சூட்டின் கதை. சூட்டைச் சொல்லும் கருவிக்கு வேறு கதை இருக்கிறது. இரண்டையும் நாம் ஒன்றாக நினைத்துவிடுகிறோம். தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

1912-இல் அமெரிக்காவில் ஹாரிசன் பாய்ஸ் என்பவர் ரேடியேட்டர் மூடியின் மேல் ஒரு தெர்மாமீட்டரை நிறுத்தி பேட்டன்ட் வாங்கினார். டிரைவர் சீட்டிலிருந்தே பார்க்கலாம், சிவப்புத் திரவம் ஏறினால் நிறுத்தலாம். பாய்ஸ் மோட்டோமீட்டர் என்று அதற்குப் பெயர். பழைய கார் படங்களில் மூக்கு நுனியில் வட்டமாக நிற்கும். ஆனால் அது தண்ணீரைத் தொடவில்லை. தண்ணீருக்கு மேலே நிற்கும் ஆவியின் சூட்டைத்தான் அளந்தது. பிறகு தெர்மாமீட்டர் டாஷ்போர்டுக்கு வந்தது. இன்ஜினுக்குள் ஒரு பல்ப், அதிலிருந்து மெல்லிய செப்புக் குழாய், கடைசியில் ஊசி. அப்புறம் குழாய் போய் மின்சார வயர் வந்தது. அப்புறம் ஊசியும் போய் வெறும் சிவப்பு விளக்கு. பிரெஞ்சில் அந்த விளக்குக்கு “வுவாயான்” என்று பெயர். பார்ப்பவன் என்று அர்த்தம். குறி சொல்பவனையும் அந்தச் சொல்லால்தான் சொல்வார்கள்! பெர்த்தா அம்மையார் தண்ணீரையே பார்த்தார். நாம் தண்ணீரைப் பற்றி இன்னொருவர் சொல்வதைப் பார்க்கிறோம்.

அந்த இன்னொருவர் இரண்டு விதமாகத் தப்புச் சொல்லலாம்.

முதல் விதம்: இன்ஜின் நன்றாக இருக்கும், ஊசி உச்சியில் நிற்கும். பழைய வண்டிகளில் சென்சாருக்குப் போகும் வயர் உரசித் தோல் கிழிந்து பாடியைத் தொட்டால் போதும், ஊசி நேராகச் சிவப்புக்குப் போய்விடும்.

இரண்டாவது விதம்: இன்ஜின் வெந்துகொண்டிருக்கும், ஊசி குளிர்ச்சியில் நிற்கும். இதை நான் தெரிந்துகொண்ட கதைதான் கடைசியில் சொல்கிறேன் என்றது.

1983. நான் அப்போது புதுச்சேரியில் ஒரு அரசு அலுவலகத்தில் யு.டி.சி. அலுவலக ஜீப் ஒன்று காரைக்காலுக்கு ஃபைல் கட்டுகளோடு போனது. டிரைவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதிகம் பேசமாட்டார். சிதம்பரம் தாண்டி, கொள்ளிடத்துக்கு முன்னால் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. கீழ் ஹோஸ் கிழிந்து தண்ணீர் முழுக்கப் போயிருந்தது. ஹெட் வளைந்து, பிஸ்டன் சிக்கி, பெரிய செலவு.

அவரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். அவர் எழுதிக் கொடுத்தது நான்கே வரி. மீட்டர் ஊசி முதலில் கொஞ்சம் ஏறியது. பிறகு தானாகவே இறங்கிக் குளிர்ச்சிக்கு வந்துவிட்டது. சரியாகிவிட்டது என்று நினைத்து ஓட்டினேன். கடைசிவரை ஊசி குளிர்ச்சியில்தான் இருந்தது.

அந்த ஃபைல் என் மேஜைக்கு வந்தது. குறிப்பு எழுதியவன் நான். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: இன்ஜின் இறுகும் அளவுக்குச் சூடேறியிருக்கும்போது மீட்டர் குளிர்ச்சியைக் காட்டியது என்பது நம்பத்தக்கதல்ல, ஓட்டுநரின் விளக்கத்தை ஏற்க இயலாது. எழுதியபோது எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது. தர்க்கம் சரியாக இருக்கிறது என்ற திருப்தி. அதிகாரி கையெழுத்துப் போட்டார். செலவில் ஒரு பகுதியை டிரைவர் சம்பளத்தில் மாதம் 40 ரூபாய் வீதம் இரண்டு வருஷம் பிடித்தார்கள்.

எட்டு வருஷம் கழித்து நானே ஒரு பழைய கார் வாங்கினேன். முதலியார்பேட்டையில் ஒரு மெக்கானிக் அதன் மீட்டரைச் சோதித்துக்கொண்டிருந்தார். பல்பைக் கழற்றி, கொதிக்கும் கெட்டிலில் விட்டார். ஊசி ஏறியது. வெளியே தூக்கிப் பிடித்தார். ஊசி இறங்கியது. “தண்ணி தொட்டாத்தான் சார் இதுக்குச் சூடு தெரியும். தண்ணி பூரா போயிட்டா பல்பு அந்தரத்துல தொங்கும். இன்ஜின் வேகும், இது ஜில்லுனு காட்டும். ஏறின ஊசி சும்மா இறங்கினா அதுக்குத்தான் சார் பயப்படணும்” என்றார்.

நான் ஒன்றும் சொல்லாமல் அந்தக் கெட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். டிரைவர் எழுதிய நான்கு வரியும் எழுத்துக்கு எழுத்து உண்மை. ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். பானைக்குள் தண்ணீரும் ஆவியும் என்ன செய்யும் என்று பள்ளியில் படித்தவன் நான். எனக்கே தோன்றியிருக்க வேண்டும். ஜீப் இழுக்காமல் திணறியதை அவரும் கவனித்து முன்பே நிறுத்தியிருக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் நான் எழுதியது அதை இல்லை. அவர் சொன்னது பொய் என்று எழுதினேன். அப்போது அவர் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். ஃபைலைத் திறக்க நான் முயற்சி செய்யவில்லை. யார் கேட்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

2010 நவம்பரில் பென்ஷன்காரர்கள் உயிர்ச் சான்று கொடுக்கும் வரிசையில் அவரைப் பார்த்தேன். கைத்தடியோடு நின்றிருந்தார். பக்கத்தில் போய் வணக்கம் சொல்லி, பல்ப் விஷயத்தைச் சொன்னேன். “அண்ணே, நீங்க எழுதினது சரிதான்.”

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அப்ப அந்த நோட்டு போட்டது நீங்களா சார்?”

அது அவருக்கு இருபத்தேழு வருஷமாகத் தெரியாது. ஆமாம் என்றேன்.

“நாப்பது ரூபா சார். அப்ப பெரியவளுக்கு டைப்ரைட்டிங் கிளாஸ் நிறுத்திட்டேன்” என்றார். பிறகு வரிசை நகர்ந்தது. அவர் முன்னால் போனார். வெளியே வந்து ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்தார். வேறு பேச்சு பேசினோம். மன்னிப்புக் கேட்டேனா என்றால், கேட்டேன். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மரக்காணத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளையிடம் வரிசையாகக் கேட்டேன். ஆவி வந்ததா? இல்லை. பானட்டிலிருந்து கூலன்ட் வாசனை, ஒரு மாதிரித் தித்திப்பு வாசனை, வருகிறதா? இல்லை. குப்பிக்குள் கொதிக்கிற சத்தம்? இல்லை. குப்பியில் தண்ணீர் எந்த அளவில்? சரியான கோட்டில். வண்டி இழுவை குறைந்ததா, டொக் டொக் என்று தட்டியதா? இல்லை. “சரி, எதையும் திறக்காதீங்க. சாவியை எடுத்துட்டு நிழல்ல ஒரு மணி நேரம் உட்காருங்க. அப்புறம் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் திருப்பி, ஊசி என்ன செய்யுதுன்னு சொல்லுங்க.”

ஒரு மணி நேரம் கழித்து ஃபோன் வந்தது. ஆறிப்போன இன்ஜினில், சாவியைத் திருப்பியதும் ஊசி விர்ரென்று உச்சிக்குப் போகிறதாம். ஆறிய இன்ஜின் ஒரு நொடியில் கொதிக்காது. வயர்தான். மரக்காணத்தில் ஒரு பையன் வந்து பார்த்தான். தோல் கிழிந்து ஒரு கிளாம்பில் உரசிக்கொண்டிருந்தது. டேப் சுற்றினான். ஆறு மணிக்கு வீட்டில் டிஃபன் சாப்பிட்டார்கள்.

ஆவியோ வாசனையோ இருந்திருந்தால் கேள்வி வேறு மாதிரிப் போயிருக்கும். உங்களுக்கு உதவும் என்பதால் எழுதி வைக்கிறேன். நெரிசலில் நிற்கும்போது மட்டும் சூடேறி, ஓடும்போது ஆறினால் விசிறியைப் பாருங்கள். நெடுஞ்சாலை வேகத்திலோ மேட்டிலோ மட்டும் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, பம்ப், அல்லது உறிஞ்சிச் சுருங்கும் ஹோஸ். கிளம்பிய சற்று நேரத்திலேயே ஏறி, கீழ் ஹோஸ் ஆறியே இருந்தால் தெர்மோஸ்டாட். வெளியே கசிவே இல்லாமல் தண்ணீர் குறைந்துகொண்டே போனால், வெள்ளைப் புகை வந்தால், ஆயில் பால் காபி நிறத்துக்கு மாறினால் ஹெட் கேஸ்கெட். ஏறியிருந்த ஊசி காரணமில்லாமல் இறங்கினால், உடனே ஓரம் கட்டுங்கள்.

அன்று ராத்திரி மாப்பிள்ளை கேட்டார். “எப்படி மாமா, ஃபோன்லயே கண்டுபிடிச்சீங்க?” காரைக்கால் ஜீப் கதையை அவரிடம் சொல்லவில்லை. இந்தப் பதிவை அவர் படிப்பார். படித்துவிட்டுக் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.